அடங்காத பிள்ளையும் மரபணு அறிக்கையும்

2012-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் பாலோ ஆல்டோ நகரம். நடுநிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு சிறுவனை வேறு பள்ளிக்குப் போகச் சொன்னது கல்வி நிர்வாகம். அவன் யாரையும் அடிக்கவில்லை, படிப்பிலும் குறை இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் அவனிடம் இருப்பது குழந்தைப் பருவத்திலேயே தெரிந்திருந்தது. நோய் மட்டும் அவனுக்கு இல்லை. பெற்றோர் இந்தத் தகவலைப் பள்ளியின் மருத்துவப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த நோய் உள்ள இருவர் அருகருகே இருந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கிருமி தொற்றும் ஆபத்து உண்டு. அதே பள்ளியில் நிஜமாகவே அந்த நோயோடு வாழ்ந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் ஓர் ஆசிரியர் இந்தத் தகவலைச் சொல்லிவிட்டார் என்கிறது, குடும்பம் பின்னர் தொடுத்த வழக்கு. கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்த அந்த வழக்குக்கு 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது.

இல்லாத நோய்க்காக ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போக நேர்ந்ததற்கு, படிவத்தில் இருந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அந்த வரி நுரையீரலைப் பற்றியதாக இல்லாமல் நடத்தையைப் பற்றியதாக இருந்திருந்தால்? 'இந்தப் பிள்ளைக்கு ஆத்திரம் வரும் வாய்ப்பு அதிகம்', 'இவனால் ஓரிடத்தில் உட்கார முடியாது, மரபணுவிலேயே இருக்கிறது' என்று ஓர் ஆய்வகம் எழுதிக் கொடுத்திருந்தால்?

மேலை நாடுகளில் இது வெறும் கற்பனைக் கேள்வியாக இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் மரபணுவுக்கு ஏற்ற பாடமுறை என்ற எண்ணத்தை நடத்தை மரபியலாளர் ராபர்ட் பிளோமினும் கல்வி உளவியலாளர் கேத்ரின் ஆஸ்பரியும் 2013-இல் ஒரு நூலாகவே எழுதினார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாயா சபடெல்லோ, பால் ஆப்பெல்பாம் போன்றவர்கள், பள்ளிக்குள் மரபணுத் தகவல் நுழைந்தால் என்ன ஆகும், பொதுமக்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

வகுப்பில் கத்தும், அடிக்கும், சொல்பேச்சு கேட்காத ஒரு பிள்ளையின் தாயிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசினால், முதலில் எழுவது பயமாக இருக்க வேண்டியதில்லை. ஆறுதலாகவும் இருக்கலாம். அவள் பல வருடங்களாகக் கேட்டு வந்தது ஒரே குற்றச்சாட்டுதான்: வளர்ப்பு சரியில்லை. மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லாமல் பார்வையால் சொல்வார். 2005-இல் ஷீலா வாக்கரும் பிளோமினும் பிரிட்டனின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஓர் ஆய்வு செய்தார்கள். அறிவுத்திறனுக்கும் கற்றல் குறைபாட்டுக்கும் மரபணு முக்கியக் காரணம் என்று பெரும்பாலோர் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். நடத்தைப் பிரச்சினை என்று வந்தபோது கை சூழலை நோக்கி நீண்டது. கணக்கு வராத பிள்ளைக்குக் கிடைக்கும் இரக்கம், அடங்காத பிள்ளைக்கும் அதன் வீட்டுக்கும் கிடைப்பதில்லை. அந்தப் பழியிலிருந்து ஓர் ஆய்வக அறிக்கை விடுதலை தரும் என்றால், ஒரு தாய் அதை விரும்புவதைத் தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை உண்டு. மனநலச் சிக்கல்களுக்கு உயிரியல் காரணம் சொல்லப்படும்போது பொதுமக்களின் மனம் எப்படி மாறுகிறது என்ற ஆய்வுகள் பலவற்றை ஒன்றாகத் தொகுத்து, எர்லென்ட் க்வாலே, நிக் ஹாஸ்லம் ஆகியோரின் குழு 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டது. பழி சுமத்துவது குறைகிறது. அதே மூச்சில், 'இவர் இனி மாறமாட்டார்' என்ற நம்பிக்கையின்மை கூடுகிறது, 'இவர் ஆபத்தானவர்' என்ற எண்ணமும் கூடுகிறது. பெரியவர்கள் விஷயத்திலேயே இப்படி. ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி 'இனி மாறமாட்டான்' என்று ஓர் ஆசிரியர் நம்பத் தொடங்கினால், அந்த நம்பிக்கை பத்து வருடம் வகுப்பு வகுப்பாக அவனோடு கூடவே போகும்.

இதற்கு வரலாற்றில் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. அது பாஸ்டன் நகரில் நடந்தது.

ஆண்களுக்குப் பொதுவாக ஓர் எக்ஸ், ஓர் ஒய் என்று இரண்டு பாலினக் குரோமோசோம்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்று கூடுதலாக ஓர் ஒய் குரோமோசோமோடு பிறக்கிறது. 1965-இல் பாட்ரீசியா ஜேக்கப்ஸ் என்ற மரபியலாளரும் அவரது குழுவினரும், ஸ்காட்லாந்தில் கார்ஸ்டேர்ஸ் என்ற இடத்தில் கடும் காவலில் வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளைச் சோதித்து, அவர்களிடையே இந்த எக்ஸ்-ஒய்-ஒய் ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். காவலில் இருந்தவர்களை மட்டுமே பார்த்த ஆய்வு அது. வெளியே அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்த எக்ஸ்-ஒய்-ஒய் ஆண்கள் எத்தனை பேர் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்திரிகைகளுக்கு அந்த நிதானம் வாய்க்கவில்லை. 1966-இல் சிகாகோவில் எட்டுச் செவிலிய மாணவிகளைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக் ஒரு எக்ஸ்-ஒய்-ஒய் ஆண் என்று 1968-இல் செய்தி வந்தது. அது பொய். அவனுக்கு இருந்தது ஆண்களுக்குப் பொதுவாக உள்ள எக்ஸ்-ஒய்தான். மறுப்பு வந்தது, ஆனால் முதல் செய்தியின் வேகத்தில் வரவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1992-இல் வந்த 'ஏலியன் 3' திரைப்படத்தில்கூடச் சிறைக்கோள் ஒன்றின் கைதிகள் இரட்டை ஒய் குரோமோசோம் கொண்டவர்களாகவே காட்டப்பட்டார்கள்.

இந்தச் சூட்டில்தான், 1968-இல், ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஸ்டான்லி வால்சரும் மரபியலாளர் பார்க் ஜெரால்டும் பாஸ்டனில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பிறக்கும் ஆண் குழந்தைகளின் குரோமோசோம்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள். கூடுதல் குரோமோசோம் உள்ள குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து, நடத்தையில் கோளாறு வருகிறதா என்று பார்ப்பது, வந்தால் முன்கூட்டியே உதவுவது என்பது திட்டம். இருவரும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை. வால்சர் அந்தக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லவும் பிள்ளைகளின் பேச்சு, படிப்புச் சிரமங்களுக்கு உதவவும் உண்மையாகவே முனைந்தவர்.

எதிர்ப்பு அவர்கள் கட்டிடத்துக்குள்ளேயே முளைத்தது. அதே மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய ஜான் பெக்வித், 1969-இல் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை முதன்முதலாகத் தனியே பிரித்தெடுத்த குழுவின் தலைவர். மரபணு ஆராய்ச்சிக்கு எதிரானவர் என்று அவரை யாரும் ஒதுக்கிவிட முடியாது. அவரும் எம்.ஐ.டி.யின் ஜொனதன் கிங்கும், 'சயன்ஸ் ஃபார் தி பீப்பிள்' இயக்கத் தோழர்களும் 1974-இல் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். 'உங்கள் மகனுக்குக் கூடுதல் ஒய் குரோமோசோம் இருக்கிறது' என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்தக் குழந்தை பொம்மையை எறிந்தால், தங்கையைக் கடித்தால், கதவை உதைத்தால், அவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள்? எல்லாக் குழந்தைகளும் செய்வதைத்தான் அவனும் செய்கிறான். ஆனால் இவன் செய்யும்போது பெற்றோருக்குக் கொலைகாரன் ஸ்பெக்கின் செய்தி நினைவுக்கு வரும். பயந்து வளர்க்கப்படும் பிள்ளை, பயந்தபடியே ஆகிவிடலாம். அப்படி ஆனால் அதற்குக் காரணம் குரோமோசோமா, பயமா என்று எந்த ஆய்வாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெற்றோரிடம் சொல்லாமல் மறைத்தால், அது அறமற்ற ஆய்வு. சொன்னால், பயனற்ற ஆய்வு.

பிள்ளைகளின் நடத்தைக்கு மரபணுப் பரிசோதனை என்று பேசும் எவரும் இன்றுவரை இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவில்லை. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி ஆசிரியர்கள் பெரும்பான்மையாக வால்சரின் பக்கமே நின்றார்கள். இருந்தும், ஓயாத எதிர்ப்புக்கு நடுவே 1975-இல் புதிய குழந்தைகளைச் சோதிப்பதை அவர் நிறுத்திவிட்டார்.

அடுத்த ஆண்டே டென்மார்க்கிலிருந்து விடை வந்தது. ஹெர்மன் விட்கின் தலைமையிலான குழு, கோபன்ஹேகனில் பிறந்த உயரமான ஆண்கள் 4,139 பேரைச் சோதித்தது. அவர்களில் எக்ஸ்-ஒய்-ஒய் 12 பேர்தான். அவர்களில் 5 பேர் மீது குற்றப் பதிவு இருந்தது. இது சராசரியைவிட அதிகம்தான். ஆனால் அவை பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள். அவர்கள் வன்முறையில் மற்றவர்களை மிஞ்சியவர்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிற்கால ஆய்வுகள் காட்டும் எக்ஸ்-ஒய்-ஒய் பிள்ளை நல்ல உயரமாக வளர்பவன். சிலருக்குப் பேச்சு தாமதமாகும், சிலருக்கு வாசிப்பிலும் கவனத்திலும் சிரமம் இருக்கும். மிகப் பலர் தங்களிடம் கூடுதல் குரோமோசோம் இருப்பதே தெரியாமல் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, வாழ்ந்து முடிக்கிறார்கள்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இன்னும் மோசமான யோசனைகளும் உலவின. அதிபர் நிக்சனுக்கு முன்பு மருத்துவம் பார்த்த ஆர்னால்ட் ஹட்ஷ்னெக்கர், நாட்டில் உள்ள ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் அனைவரையும் வன்முறைக் குணம் இருக்கிறதா என்று உளவியல் சோதனைகளால் சலித்தெடுக்க வேண்டும், திருந்தாதவர்களை முகாம்களுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதினார். வெள்ளை மாளிகை அதைக் குப்பையில் போடவில்லை. சுகாதாரத் துறையின் கருத்தைக் கேட்டு அனுப்பியது. செய்தி வெளியே வந்ததும் கிளம்பிய கண்டனத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

கறுப்பினப் பெற்றோருக்கு இந்தப் பேச்சு இன்னும் ஆழமாக வலிக்கும். 1970-களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்குக் கட்டாயப் பரிசோதனைச் சட்டம் கொண்டுவந்தன. சில மாநிலங்களில் பள்ளியில் சேரவே அந்தப் பரிசோதனை தேவைப்பட்டது. நல்ல நோக்கம்தான், சில இடங்களில் கறுப்பினத் தலைவர்களே ஆதரித்த சட்டமும்கூட. ஆனால் நோயாளிக்கும், நோயின்றி ஒரே ஒரு மாறிய மரபணுவை மட்டும் சுமப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் எழுதியவர்களே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. முழு ஆரோக்கியத்தோடு இருந்தவர்களுக்குக் காப்பீடு மறுக்கப்பட்டது, வேலை மறுக்கப்பட்டது. 1972-இல் கூட்டாட்சி அரசு தனிச் சட்டம் இயற்றி, மத்திய நிதி பெறும் பரிசோதனைகள் விருப்பத்தின் பேரில் மட்டுமே நடக்க வேண்டும் என்றது. இன்றைய நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பொதுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம், பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டவர்களில் 39 சதவீதம். எந்தப் பிள்ளைக்கு 'நடத்தை சரியில்லை' என்று முத்திரை விழுகிறது என்பதிலேயே இவ்வளவு சாய்வு இருக்கும்போது, மரபணுப் பரிசோதனைக்கு யார் முதலில் அனுப்பப்படுவார்கள் என்று ஊகிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

சரி, அறிவியல் அன்றிலிருந்து வளரவில்லையா? வளர்ந்திருக்கிறது. வளர்ந்த அளவுக்கு இந்த விஷயத்தில் அடக்கத்தையும் கற்றிருக்கிறது.

1993-இல் ஹான் ப்ரூனர் என்ற டச்சு மருத்துவர், பல தலைமுறைகளாக ஆண்கள் சிலர் திடீர் ஆத்திரத்தில் நிலை தடுமாறிய ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணு அவர்களிடம் அடியோடு செயலிழந்திருப்பதைக் கண்டார். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு அது. 'வன்முறை மரபணு' என்று ஊடகங்கள் கொண்டாடின. அப்படி ஒன்று கிடையாது என்று ப்ரூனரே சொல்ல வேண்டியிருந்தது. மரபணு முழுவதும் செயலிழக்கும் அந்த நிலை மிக மிக அரிது. குறைந்த வேகத்தில் இயங்கும் வடிவமோ சாதாரணம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் அது இருக்கிறது.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் ஆண்களின் தகவல்களை வைத்து அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மாஃபிட் இருவரும் 2002-இல் வெளியிட்ட முடிவு பெரும் கவனம் பெற்றது. குறைந்த வேக வடிவம் இருந்தும் அன்பாக வளர்க்கப்பட்டவர்கள் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். அந்த வடிவத்தோடு, சிறு வயதில் கொடுமைக்கும் ஆளானவர்களிடம்தான் பின்னாளில் வன்முறை கூடியது. பிந்தைய ஆய்வுகள் சில இதை உறுதி செய்தன, சில செய்யவில்லை. உண்மை என்றே எடுத்துக்கொண்டாலும், ஒரு பள்ளி இதிலிருந்து என்ன செய்ய முடியும்? மூன்றில் ஒரு பையனின் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் கோடு போட முடியுமா? அடிபட்டு வளரும் பிள்ளையைக் கண்டுபிடித்துக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு அவனுடைய எச்சிலைச் சோதிக்கத் தேவையே இல்லை. 2006-இல் அதே நியூசிலாந்தில், மாவோரி மக்களிடம் இந்த வடிவம் அதிகம் என்ற ஒரு ஆய்வுரை 'போர்வீரர் மரபணு' என்ற பெயரோடு செய்தியாகி, ஓர் இனத்தையே வன்முறையாளர்களாகச் சித்தரித்தபோது மாவோரி மக்கள் கொதித்தெழுந்தார்கள்.

இன்றைய ஆய்வாளர்கள் ஒற்றை மரபணுவைத் தேடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஏ.டி.எச்.டி. என்று நாம் கேள்விப்படும் கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்பும் கலந்த நிலையை எடுத்துக்கொள்வோம். இரட்டையர் ஆய்வுகளின்படி, அது ஒருவருக்கு இருப்பதிலும் மற்றவருக்கு இல்லாததிலும் உள்ள வேறுபாட்டில் சுமார் 74 சதவீதம் மரபு சார்ந்தது. கேட்டால் திகைப்பூட்டும் எண். ஆனால் மரபு சார்ந்தது என்பதற்கு மாற்ற முடியாதது என்று பொருள் இல்லை. கிட்டப்பார்வைகூடப் பரம்பரையாக வருவதுதான், அதற்கு ஒரு கண்ணாடி போதும். 2023-இல் வெளியான மிகப் பெரிய ஆய்வு, ஏ.டி.எச்.டி. உள்ள 38,691 பேரின் மரபணுத் தொகுதியை அது இல்லாதவர்களோடு ஒப்பிட்டு 27 இடங்களை அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகளைக் கூட்டி ஒருவருக்கு மதிப்பெண் போடலாம். ஆயிரம் பேரைக் கூட்டமாகப் பார்க்க அந்த மதிப்பெண் உதவும். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கணிப்பு இன்னும் தடுமாறும்.

கணிப்பு பலவீனமானதாக இருந்தாலும் அதன் பாதிப்பு பலவீனமாக இருப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிராட்லி டர்ன்வால்ட், அலியா க்ரம் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட பரிசோதனையைப் படித்தால் நெஞ்சு பதறும். தன்னார்வலர்களை நடைப்பொறியில் ஓடவைத்து அளந்தார்கள். பிறகு ஒரு சாராரிடம் 'உடற்பயிற்சியைத் தாங்காத மரபணு உங்களுக்கு இருக்கிறது' என்றார்கள், மறு சாராரிடம் 'நல்ல மரபணு' என்றார்கள். யாருக்கு என்ன சொல்வது என்பது உண்மையான மரபணுவைப் பார்த்து முடிவு செய்யப்படவில்லை. கெட்ட செய்தி கேட்டவர்களின் நுரையீரல் திறன் அடுத்த ஓட்டத்தில் குறைந்தது, சீக்கிரமே களைத்தார்கள். சில அளவீடுகளில், உண்மையான மரபணு செய்த பாதிப்பைவிடச் சொல்லப்பட்ட சொல் செய்த பாதிப்பு பெரிதாக இருந்தது. அவர்களுக்கு உண்மை பிறகு விளக்கப்பட்டது. பள்ளிக் கோப்பில் ஏறும் அறிக்கைக்கு அப்படி ஒரு விளக்கக் கூட்டம் யாரும் நடத்தப் போவதில்லை.

இத்தனைக்குப் பிறகும், எல்லா மரபணுப் பரிசோதனையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். உடையும் எக்ஸ் நோய்க்குறி என்று ஒன்று இருக்கிறது. எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு கிட்டத்தட்ட முடங்கிப் போவதால் வருவது. அந்த மரபணு 1991-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்குவது, கைகளை உதறிக்கொண்டே இருப்பது, சத்தத்துக்குப் பதறுவது, ஓரிடத்தில் நில்லாமை என்று அது வெளியே நடத்தைப் பிரச்சினையாகவே தெரியும். அறிவு வளர்ச்சியும் தாமதமாகும். இங்கே பரிசோதனை தெளிவான விடை தரும். பதற்றத்துக்கும் கவனத்துக்கும் என்ன செய்யலாம் என்று வழிகாட்டும். அடுத்த குழந்தையைப் பற்றிப் பெற்றோர் தெரிந்து முடிவெடுக்கலாம். தாயின் சகோதரிகளுக்கும் அந்தத் தகவல் தேவைப்படும். வளர்ச்சித் தாமதமோ ஆட்டிசமோ இருந்து காரணம் தெரியாத பிள்ளைகளுக்குக் குரோமோசோம்களை நுணுக்கமாகப் பார்க்கும் பரிசோதனை செய்யலாம் என்று மருத்துவ மரபியல் அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. நூறு பேரில் பதினைந்து முதல் இருபது பேருக்குக் காரணம் தெரியவருகிறது.

இந்தப் பரிசோதனையும் பாஸ்டன் பரிசோதனையும் ஒரே தொழில்நுட்பத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் இங்கே ஒரு மருத்துவர் பிள்ளையை முழுதாகப் பார்த்துவிட்டுத் தேவை என்று சொல்கிறார். பெற்றோர் கேட்டு, புரிந்து, சம்மதிக்கிறார்கள். முடிவை விளக்க மரபணு ஆலோசகர் இருக்கிறார். அறிக்கை மருத்துவரின் அறையிலேயே இருக்கிறது. முடிவு எதுவானாலும் அடுத்துச் செய்ய ஏதாவது இருக்கிறது. பள்ளி வளாகத்துக்குள் இவற்றில் ஒன்றுகூட உறுதியாகக் கிடைக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் மருத்துவ மரபியல் கல்லூரியும் 2013-இல் வெளியிட்ட கூட்டறிக்கை, பள்ளிகளில் மரபணுப் பரிசோதனை நடத்துவதை ஆதரிக்கவில்லை. சுதந்திரமான சம்மதம், ரகசியம், ஆலோசனை ஆகியவற்றுக்குப் பள்ளி ஏற்ற இடமாக இருப்பது அரிது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

சட்டமும் கைகொடுக்காது. 2008-இல் அமெரிக்கா இயற்றிய மரபணுப் பாகுபாடு தடுப்புச் சட்டம் மருத்துவக் காப்பீட்டையும் வேலைவாய்ப்பையும் மட்டுமே காக்கிறது. பள்ளி என்ற சொல் அதன் எல்லைக்குள் வரவில்லை. மாணவர் பதிவேடுகளைக் காக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டமோ, கல்விக் காரணம் இருக்கும் ஊழியர்கள் பெற்றோரைக் கேட்காமலே கோப்பைப் பார்க்க இடம் தருகிறது.

பெற்றோரின் ஆவல் மட்டும் சட்டத்துக்கும் அறிவியலுக்கும் காத்திருப்பதில்லை. 2023-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அமெரிக்கக் கருத்துக்கணிப்பு ஒன்றில், செயற்கைக் கருத்தரிப்பில் உருவாகும் கருக்களில் நல்ல கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு சற்றே கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கும் மரபணுப் பரிசோதனையைப் பயன்படுத்த 38 சதவீதத்தினர் சாய்ந்திருந்தார்கள். அந்தக் கூடுதல் எவ்வளவு? நூற்றுக்கு மூன்றிலிருந்து நூற்றுக்கு ஐந்து. 2009-இல் சீனாவின் சோங்சிங் நகரில், பிள்ளைகளின் எச்சிலைச் சோதித்து எந்தத் துறையில் திறமை என்று சொல்லும் கோடை முகாமுக்குப் பெற்றோர் பணம் கட்டினார்கள். நம் ஊரிலும் இந்த ஆவலுக்குச் சந்தை உண்டு. கைரேகையைப் பதிந்து பிள்ளையின் பிறவிக் குணத்தையும் அறிவையும் சொல்வதாகக் கூறும் டி.எம்.ஐ.டி. சோதனையைப் பள்ளிகள் வழியாகவே பெற்றோரிடம் விற்கிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் அறிவித்த பிறகும் விற்பனை நிற்கவில்லை. பிள்ளையைப் புரிந்துகொள்ளத் தவிக்கும் பெற்றோரின் தவிப்பு உண்மையானது. அந்தத் தவிப்பைக் காசாக்குகிறவர்களிடம் அவர்களை விட்டுவிடுவது கொடுமை.

வகுப்பறையில் அடங்காத பிள்ளைக்கு இன்றே செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், அதற்கும் சோதித்துப் பார்த்த விடை இருக்கிறது. 1960-களின் இறுதியில் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் தொடங்கிய 'நல்நடத்தை விளையாட்டு' அது. ஆசிரியர் வகுப்பைக் குழுக்களாகப் பிரிப்பார். சாதுவான பிள்ளைகளும் அடங்காத பிள்ளைகளும் ஒவ்வொரு குழுவிலும் கலந்திருப்பார்கள். விதிகள் சிலவே, எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்கப்பட்டிருக்கும். யாராவது விதியை மீறினால் அவர் குழுவின் பெயருக்கு நேரே ஒரு குறி. குறிப்பிட்ட நேரத்துக்குள் நான்கு குறிகளைத் தாண்டாத எல்லாக் குழுக்களுக்கும் வெற்றிதான். ஒரு குழு ஜெயிக்க இன்னொன்று தோற்க வேண்டியதில்லை. முதலில் வாரத்தில் சில தடவை, பத்து நிமிடம். பிறகு நேரம் நீளும். கடைசியில் ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லாமலேயே விளையாட்டு நடக்கும்.

1985-இல் பால்டிமோர் நகரின் 19 பொதுப் பள்ளிகளில், ஷெப்பர்ட் கெல்லம் என்ற மனநல மருத்துவரின் குழு இதை முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தது. சில வகுப்புகளில் விளையாட்டு, சிலவற்றில் வழக்கமான பாடம். அந்தப் பிள்ளைகளை இருபது வயது வரை தேடிப் போய்ப் பார்த்தார்கள். விளையாட்டு நடந்த வகுப்புகளில் படித்தவர்களிடையே போதைப் பழக்கமும் சமூக விரோத நடத்தையும் குறைவாக இருந்தன. அந்தப் பலன் மிகத் தெளிவாகத் தெரிந்தது, ஆறு வயதில் எல்லோரையும்விட முரடர்களாக இருந்த ஆண் பிள்ளைகளிடம்தான்.